ட்ரோனில் ஆயுதம் மாட்டலாமா? அமெரிக்காவில் புதிதாகப் பறக்கவிடுபவர்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

அமெரிக்காவில் ட்ரோன் வாங்குவது பெரிய காரியமில்லை. சில நூறு டாலருக்கு நல்ல கேமராவோடு கிடைக்கிறது. அடியில் பொருளைத் தொங்கவிடும் கொக்கி, பொத்தானை அழுத்தினால் கீழே விடும் கருவி எல்லாம் தனியாக விற்பனைக்கு இருக்கின்றன. சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று வாணத்தைக் கட்டிப் பறக்கவிட்டு வீடியோ எடுக்கலாமா, சாய உருண்டைகளைச் சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கியை மாட்டிப் பார்க்கலாமா, மரத்தில் இருக்கும் குளவிக்கூட்டை மேலே போய்க் கொளுத்தலாமா என்று ஆசை வருகிறது. "என் ட்ரோன், என் தோட்டம், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே" என்ற தைரியமும் கூடவே வருகிறது.

அந்தத் தைரியத்துக்குச் சட்டத்தில் இடம் குறைவு. தனியார் ட்ரோனில் ஆயுதம் பொருத்துவது பற்றிய அமெரிக்கச் சட்டங்கள் முதலில் பார்ப்பது, மாட்டிய பொருளால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்பதால் மட்டும் தப்பிக்க முடியாது. சில மாநிலங்களில் பறக்கவிடக்கூட வேண்டாம், அப்படிப்பட்ட ட்ரோன் உங்களிடம் இருந்தாலே குற்றம். விசாவில் இருப்பவருக்கு இதன் விளைவு சிறையோடும் முடிவதில்லை. அதனால் எதையும் மாட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கையில் இருப்பது விமானம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்

சட்டத்தின் பார்வையில் ட்ரோன் பொம்மை அல்ல, விமானம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014 நவம்பரில் இதை ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. விமானம் என்பதால் அதன் மேல் அதிகாரம் செலுத்துவது மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. உங்கள் தோட்டத்துக்கு மேலே பத்தடி உயரத்தில் பறந்தாலும் அவர்களின் விதிகள் கூடவே வரும்.

அடிப்படை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவருக்கு 5 டாலர் கட்டணம், மூன்று வருடம் செல்லும். டிரஸ்ட் என்ற இலவச ஆன்லைன் தேர்வை எழுதி, சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும். சாதாரண வான்வெளியில் 400 அடிக்கு மேல் போகக்கூடாது. பதிவு செய்யவேண்டிய ட்ரோன்கள் தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் ரிமோட் ஐடி சிக்னலை அனுப்ப வேண்டும். 2024 மார்ச் முதல் இதை முழுமையாக அமல்படுத்துகிறார்கள். பணம் சம்பாதிப்பதற்காகவோ வேலைக்காகவோ பறக்கவிட்டால் பார்ட் 107 என்ற விதித்தொகுப்பின்படி பைலட் சான்றிதழ் வேண்டும்.

இதற்கும் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பொழுதுபோக்கு என்ற சலுகையை மத்திய சட்டம் சும்மா தரவில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஏதாவது ஒரு சமூக அமைப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு தருகிறது. அப்படிப்பட்ட பழைய அமைப்பு ஒன்று, மாடல் விமானக்காரர்களின் ஏ.எம்.ஏ. என்ற சங்கம். வெடிக்கிற அல்லது எரிகிற பொருளையும், எதையாவது எய்கிற கருவியையும் ஏந்திப் பறப்பதை, சில குறுகிய விதிவிலக்குகள் போக, அதன் நெறிகள் தடுக்கின்றன. நெறியை மீறினால் பொழுதுபோக்குச் சலுகை போய்விடும். சான்றிதழ் இல்லாமல் பார்ட் 107-இன் கீழ் பறக்கவிட்டதாக ஆகிவிடும். இது முதல் இடறல்தான், பெரியவை இனிமேல்தான்.

படி 2: மாட்டப்போகும் பொருளை "ஆபத்தான ஆயுதம்" என்ற வரையறையோடு ஒப்பிடுங்கள்

2018 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான எஃப்.ஏ.ஏ. மறு அங்கீகாரச் சட்டத்தின் 363-ஆம் பிரிவு மிகவும் சின்னது. அதன் சாரம்: எஃப்.ஏ.ஏ. நிர்வாகியின் அனுமதி இல்லாமல், ஆபத்தான ஆயுதம் பொருத்திய ஆளில்லா விமானத்தை யாரும் இயக்கக்கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும், 2018-இல் சட்டம் வந்தபோது இருந்த கணக்கில், 25,000 டாலர் வரை சிவில் அபராதம்.

"ஆபத்தான ஆயுதம்" எது என்பதை அந்தப் பிரிவு தானே சொல்லவில்லை. மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் ஆயுதம் கொண்டுபோவதைத் தடுக்கும் இன்னொரு சட்டத்திலிருந்து, அதாவது மத்தியச் சட்டங்களின் 18-ஆம் தொகுப்பில் உள்ள 930-ஆம் பிரிவிலிருந்து, வரையறையைக் கடன் வாங்குகிறது. அதன்படி, உயிரைப் பறிக்கவோ கடுமையான உடற்காயம் உண்டாக்கவோ பயன்படுகிற, அல்லது எளிதில் அப்படிப் பயன்படக்கூடிய, எந்த ஆயுதமும், சாதனமும், கருவியும், பொருளும், வேதிப்பொருளும் இதற்குள் வரும். உயிருள்ளதா உயிரற்றதா என்ற வேறுபாடு கூட இல்லை. ஒரே ஒரு விலக்கு: 2.5 அங்குலத்துக்குக் குறைவான அலகு உள்ள பாக்கெட் கத்தி.

இதை நிதானமாக இரண்டு முறை படியுங்கள். துப்பாக்கி என்ற சொல்லே அதில் இல்லை. தொழிற்சாலையில் ஆயுதமாகச் செய்யப்பட்டதா, கடையில் எந்தப் பெயரில் விற்றார்கள் என்பதும் இல்லை. "எளிதில் பயன்படக்கூடிய" என்பதுதான் உரைகல். சமையலறைக் கத்தியை ட்ரோனில் கட்டினால் உள்ளே வரும். பெட்ரோல் நிரப்பிய பாட்டில் வரும். பெயிண்ட்பால் துப்பாக்கி வராது என்று யாராவது சொன்னால், பெயிண்ட்பால் பட்டுக் கண் போனவர்கள் இருக்கிறார்கள், உறுப்பின் செயல்பாட்டை இழப்பதும் கடுமையான உடற்காயம்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதை மாட்டினால் ஒரு வழக்கறிஞருக்கு வேலை கொடுக்கிறீர்கள் என்றே அர்த்தம்.

2.5 அங்குலக் கத்தி என்ற விலக்கைப் பிடித்துக்கொண்டு சின்னக் கத்தி மாட்டலாம் என்று முடிவு செய்யவும் வேண்டாம். மத்திய வரையறையிலிருந்து மட்டும்தான் அது விலகுகிறது. மாநிலச் சட்டத்துக்கு வேறு வரையறை இருக்கும். கவனமின்றி ஆபத்து விளைவித்தல் போன்ற பொதுவான குற்றங்களும் இருக்கின்றன.

எஃப்.ஏ.ஏ. 2019 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதில் உதாரணமாகச் சொன்னவை துப்பாக்கி, குண்டு, பட்டாசு வாணங்கள், தீ உமிழும் கருவி. இதற்குச் சில வாரங்கள் முன்புதான் த்ரோஃப்ளேம் என்ற நிறுவனம் ட்ரோனில் மாட்டும் தீ உமிழும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தீ உமிழும் கருவி துப்பாக்கி அல்ல, பெரும்பாலான மாநிலங்களில் அதை வாங்கவும் தடையில்லை. அதே கருவியை ட்ரோனில் மாட்டி அனுமதியில்லாமல் பறக்கவிட்ட கணமே 363-ஆம் பிரிவு வந்து நிற்கும். வாங்க முடிகிறது என்பதால் மாட்டலாம் என்று ஆகாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

படி 3: சிவில் அபராதமும் குற்றமும் வேறு வேறு

363-ஆம் பிரிவு குற்றவியல் பிரிவு அல்ல. அதன் கீழ் எஃப்.ஏ.ஏ. உங்களைக் கைது செய்யாது, பணம் கட்டச் சொல்லும். இதை மட்டும் படித்துவிட்டு, "அதிகபட்சம் அபராதம்தானே" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது பாதிதான். சிறைக்கு அனுப்பும் அதிகாரம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: மாநிலச் சட்டங்களில், அப்புறம் ட்ரோன் என்ற சொல்லே இல்லாத பழைய மத்தியக் குற்றச் சட்டங்களில். ஒரே செயலுக்கு மூன்றும் ஒன்றாக வரலாம். எஃப்.ஏ.ஏ.விடம் அபராதம் கட்டியதால் மாநில வழக்கு நின்றுவிடாது.

படி 4: உங்கள் மாநிலச் சட்டத்தைத் தேடி, நான்கு கேள்விகளோடு படியுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்துக்கும் இலவச இணையதளம் இருக்கிறது, நடப்பில் உள்ள சட்டங்கள் முழுதும் அதில் கிடைக்கும். ஆளில்லா விமானம் என்பதையும் ஆயுதம் என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். செய்திக் கட்டுரைகளை நம்பி நிற்க வேண்டாம். நிறைவேறாத மசோதாவைச் சட்டம் போல எழுதியிருப்பார்கள். பிரிவைக் கண்டுபிடித்ததும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: எந்தச் செயல் குற்றம்? மாட்டுவதா, வைத்திருப்பதா, பறக்கவிடுவதா, சுடுவதா? மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுகிறது, அந்த மாற்றத்தில்தான் ஒருவருடைய வாழ்க்கையே தங்கியிருக்கலாம்.

வட கரோலினாவில் 14-401.24 என்ற பிரிவின்படி ஆயுதம் பொருத்திய ட்ரோனை வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ ஈ வகுப்பு ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். கராஜில் ஓரமாகக் கிடந்தாலும் வைத்திருப்பதுதான். ஃபுளோரிடாவின் 330.411-ஆம் பிரிவும் வைத்திருப்பதையும் இயக்குவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆயுதம், துப்பாக்கி, வெடிபொருள், அழிவுச் சாதனம், தோட்டா என்று பட்டியலே போடுகிறது. வெர்மான்ட்டில் ஆபத்தான அல்லது உயிர்க்கொல்லி ஆயுதத்தை ட்ரோனில் பொருத்துவதே குற்றம், ட்ரோனிலிருந்து எறிபொருளை எய்வதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். விஸ்கான்சினில் ஆயுத ட்ரோனை இயக்குவது எச் வகுப்பு ஃபெலனி. அதாவது ஆறு வருடம் வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும். 2014-இலேயே வந்த சட்டம் அது.

நெவாடா 2015-இல் இரண்டு தட்டாகச் சட்டம் செய்தது. ட்ரோனை ஆயுதமயமாக்கினால் டி வகை ஃபெலனி, அதாவது ஒன்று முதல் நான்கு வருடம் சிறை. அந்த ஆயுதத்தை இயக்கியும் விட்டால் சி வகை, ஒன்று முதல் ஐந்து வருடம். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை.

ஒரிகான் சட்டம், 837.365, படிப்படியாக ஏறுகிறது. தோட்டாவோ வேறு எறிபொருளோ எய்யக்கூடிய, லேசர் பாய்ச்சக்கூடிய, அல்லது வேறு வகையில் ஆபத்தான ஆயுதமாகப் பயன்படக்கூடிய ட்ரோனைத் தெரிந்தோ அசட்டையாகவோ இயக்கினாலே ஏ வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது ஃபெலனியைவிடச் சிறிய குற்றம், கிட்டத்தட்ட ஒரு வருடம் வரை சிறை. எய்துவிட்டால் சி வகுப்பு ஃபெலனி, ஐந்து வருடம் வரை. அதனால் யாருக்காவது கடுமையான காயம் ஏற்பட்டால் பி வகுப்பு, பத்து வருடம் வரை. இந்தச் சொற்களை அப்படியே எடுத்தால் பெயிண்ட்பாலும் ஓர் எறிபொருள்தான் என்பதைக் கவனியுங்கள். படி 2-இல் இருந்த சந்தேகம் ஒரிகானில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, உங்களுக்குச் சாதகமாக அல்ல.

இரண்டாவது கேள்வி: அந்த மாநிலம் ஆயுதம் என்று எதைச் சொல்கிறது? வட கரோலினா தன்னுடைய வேறு சில ஆயுதச் சட்டங்களைச் சுட்டிக்காட்டிவிட்டு, ஆயுதமாகப் பயன்படுத்தினால் கடுமையான காயமோ மரணமோ உண்டாக்கக்கூடிய வேறு எந்தப் பொருளையும் சேர்த்துக்கொள்கிறது. இப்படி ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் காட்டினால் அதையும் திறந்து படியுங்கள். சோம்பல் படுகிற இடம் இதுதான், படக்கூடாத இடமும் இதுதான்.

மூன்றாவது: யாருக்கு விலக்கு? பல சட்டங்கள் ராணுவத்தை விலக்குகின்றன, சில காவல்துறைக்கு இடம் தருகின்றன. வடக்கு டகோட்டாவின் 2015 சட்டம் காவல்துறை ட்ரோனில் உயிர்க்கொல்லி ஆயுதத்தைத் தடுத்து, உயிர்க்கொல்லி அல்லாதவற்றைத் தடுக்காமல் விட்டது பெரிய செய்தியானது. அது காவல்துறைக்கு. போலீஸ் செய்யலாம் என்பதிலிருந்து நாமும் செய்யலாம் என்ற முடிவுக்குப் போக வழியில்லை.

நான்காவது: எப்போது கடைசியாகத் திருத்தினார்கள்? ட்ரோன் சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. பிரிவின் அடியில் திருத்த வருடங்கள் சின்ன எழுத்தில் இருக்கும்.

உங்கள் மாநிலத்தில் தனிப் பிரிவே இல்லை என்று தெரிந்தால்? கனெக்டிகட் மாநிலத்தில் கிளிண்டன் என்ற ஊரில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2015 ஜூலையில் 18 வயது இளைஞர் ஒருவர் தானே செய்த ட்ரோனில் கைத்துப்பாக்கியை மாட்டி, காட்டுக்குள் அந்தரத்தில் நின்றபடி சுடும் 14 விநாடி வீடியோவை வெளியிட்டார். தங்கள் மாநிலச் சட்டம் எதுவும் மீறப்பட்டதாகத் தெரியவில்லை என்று உள்ளூர்ப் போலீஸ் சொன்னது. இதே காரியத்தை அன்று விஸ்கான்சினில் செய்திருந்தால் ஃபெலனி. அந்த வருடம் டிசம்பரில் தீ உமிழும் கருவி மாட்டிய ட்ரோன் வான்கோழியைத் தீயில் வாட்டுவது போல அவருடைய இன்னொரு வீடியோ வந்தது. எஃப்.ஏ.ஏ. சும்மா இருக்கவில்லை. ஆவணங்களையும் வாக்குமூலத்தையும் கேட்டு அந்த இளைஞருக்கும் தந்தைக்கும் சம்மன் அனுப்பியது. அவர்கள் மறுத்ததும் விஷயம் மத்திய நீதிமன்றத்துக்குப் போனது. எஃப்.ஏ.ஏ.வுக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு, கேட்டதைக் கொடுங்கள் என்று 2016 ஜூலையில் நீதிபதி உத்தரவிட்டார். 363-ஆம் பிரிவு பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே இவ்வளவு நடந்தது. இன்று அந்தப் பிரிவும் இருக்கிறது. மாநிலத்தில் தனிச் சட்டம் இல்லாதது எந்தப் பாதுகாப்பும் தராது.

படி 5: ட்ரோனைப் பெயர் சொல்லாத மத்தியக் குற்றச் சட்டங்கள்

குண்டு, கையெறி குண்டு, பெட்ரோல் குண்டு போன்றவை மத்திய சட்டத்தில் "அழிவுச் சாதனம்" என்ற வகை. கால் அவுன்ஸுக்கு மேல் வெடிமருந்தோ தீமருந்தோ உள்ள ஏவுகணையும், நான்கு அவுன்ஸுக்கு மேல் உந்துமருந்து உள்ள ராக்கெட்டும் ஆயுதமாகச் செய்யப்பட்டிருந்தால் அதே வகைதான். பதிவு செய்யாமல் செய்தாலோ வைத்திருந்தாலோ பத்து வருடம் வரை சிறை. ட்ரோனில் மாட்டினீர்களா என்ற கேள்வியே எழாது. செய்து முடித்ததும் குற்றம் முடிந்துவிட்டது.

பென்சில்வேனியாவில் ஒருவர் தன் முன்னாள் காதலியின் வீட்டருகே ட்ரோனிலிருந்து வெடிபொருட்களைப் போட்டார். 2020-இல் மத்திய நீதிமன்றம் ஐந்து வருடச் சிறை விதித்தது. அவர் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் குண்டும் துப்பாக்கியும் வைத்திருந்தது பற்றியவை. அவற்றோடு பதிவு செய்யாத ட்ரோனைப் பறக்கவிட்டதும் ஒன்றாக இருந்தது. பதிவு செய்யாமல் விடுவதற்கே மூன்று வருடம் வரை சிறை விதிக்க மத்திய சட்டத்தில் இடம் உண்டு. படி 1-இல் சொன்ன 5 டாலர் பதிவை அற்பமாக நினைக்க வேண்டாம்.

லேசர் சுட்டியை விமானத்தின் மேல் பாய்ச்சுவது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். வானில் பறக்கும் கருவியால் காட்டு விலங்குகளைத் துரத்தித் தொந்தரவு செய்வதற்கு 1971-இன் வான்வழி வேட்டைச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை. ஊளையிடும் ஓநாயை ட்ரோனால் விரட்டுகிறேன் என்று கிளம்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படி 6: விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால், கூடுதலாக இதையும் படியுங்கள்

வேலைக்கான எச்1பி, படிப்புக்கான எஃப்1 போன்ற விசாக்களில் வந்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் வார இறுதிகளில் ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். அவர்களுக்காக இந்தப் பகுதியைத் தனியாக எழுத விரும்பினேன். இங்கே பிழை நடந்தால் சரிசெய்ய வழியே இல்லாமல் போகக்கூடும்.

இப்படிப்பட்ட தற்காலிக, அதாவது குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. விலக்கில்லாமல் வைத்திருந்தால் 2022 திருத்தத்துக்குப் பின் பதினைந்து வருடம் வரை சிறை. நண்பருடைய துப்பாக்கியை நண்பருடைய ட்ரோனில் மாட்டிப் பார்க்கும்போது அது சில நிமிடம் உங்கள் கையில் இருந்தால், அந்தச் சில நிமிடம்கூட சிக்கல்தான். அமெரிக்கக் குடிமகனான நண்பருக்கும் உங்களுக்கும் இங்கே ஒரே சட்டம் அல்ல.

கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் துப்பாக்கியையோ அழிவுச் சாதனத்தையோ சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தது, பயன்படுத்தியது போன்றவற்றுக்குத் தண்டனை பெற்றால் குடிவரவுச் சட்டப்படி நாடுகடத்த அதுவே காரணமாகிவிடும். பல வருடம் காத்திருந்து வாங்கிய கிரீன் கார்டு அது. வழக்கில் "குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கள், சிறை இல்லை" என்று பேரம் வந்தாலும், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குற்ற வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் குடிவரவு விளைவுகள் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 7: வாணம் கட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்

உண்மையில் நடக்க வாய்ப்புள்ள மீறல் இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். துப்பாக்கி மாட்டுபவர் அபூர்வம். தீபாவளிக்கோ ஜூலை 4-க்கோ தீ உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கக்கும் குழாய் வாணமான ரோமன் கேண்டிலை ட்ரோனில் கட்டிச் சுழலவிடலாம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பண்டிகை உற்சாகத்தில் குழந்தைகள் சுற்றி நிற்கும்போது செய்வதுதான் இதில் எனக்கு மிகவும் பயம் தருவது.

பட்டாசு வாணங்களை எஃப்.ஏ.ஏ. பெயர் சொல்லியே எச்சரித்திருக்கிறது. அதோடு ட்ரோனின் லித்தியம் பேட்டரி தீப்பொறிக்கு அருகில் இருக்கிறது. ரோமன் கேண்டில் ஒவ்வொரு முறை சுடும்போதும் எதிர்ப்பக்கம் ஓர் உதை கொடுக்கும், அதில் ட்ரோனின் சமநிலை குலையலாம். குலைந்த ட்ரோன் திரும்பினால் அடுத்த உருண்டை எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. உங்கள் ஊரில் கடையில் விற்கும் வாணத்தைத் தரையில் வைத்துக் கொளுத்த அனுமதி இருந்தால், தரையில் வைத்துக் கொளுத்துங்கள். ட்ரோனை எட்டத்தில் நிறுத்திப் படம் மட்டும் எடுங்கள், அதுவும் வாணம் போகிற பாதைக்கு வெளியே, கூட்டத்தின் தலைக்கு மேல் வராமல்.

படி 8: சட்டப்படி ஏந்திச் செல்ல வழிகள் உண்டு

ஆபத்தான பொருளை ஏந்துகிற எல்லா ட்ரோனும் குற்றமல்ல. 363-ஆம் பிரிவு "அனுமதி இல்லாமல்" என்றுதான் தொடங்குகிறது. பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பார்ட் 137 என்ற விதிகளின் கீழ் சான்று பெற்றுப் பறக்கின்றன. காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தவும் புல்வெளியைத் திட்டமிட்டு எரிக்கவும் தீப்பந்துகளைப் போடும் ட்ரோன்களை அரசு நிலங்களைப் பராமரிக்கும் அமெரிக்க உள்துறையும் வனத்துறையும் பயன்படுத்துகின்றன. பிங்பாங் பந்து அளவுள்ள அந்த உருண்டைகளுக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். போடுவதற்குச் சற்று முன் கிளைக்கால் என்ற திரவத்தை உள்ளே செலுத்துவார்கள், கீழே விழுந்தபின் பற்றிக்கொள்ளும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவான தொழில்நுட்பம் இது. பயிற்சி, அனுமதி, தரையில் தீயணைப்புக் குழு எல்லாம் அதன் பின்னால் இருக்கின்றன.

உங்களுக்கு இப்படி ஒரு நியாயமான தேவை இருந்தால் வரிசை இதுதான்: முதலில் மாநிலச் சட்டம் அதை முழுதாகத் தடுக்கிறதா என்று பாருங்கள், எஃப்.ஏ.ஏ. அனுமதித்தாலும் மாநிலக் குற்றம் தானாக மறையாது. அப்புறம் எஃப்.ஏ.ஏ.விடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கருவியை மாட்டக்கூட வேண்டாம். தொலைபேசியில் ஓர் அதிகாரி "பரவாயில்லை" என்று சொன்னது அனுமதி ஆகாது.

சாதாரணப் பொருளைக் கீழே போடுவது, உதாரணமாக மீன்பிடிக்கத் தூண்டில் இரையைக் கொண்டுபோய்ப் போடுவது, தன்னளவில் ஆயுதம் அல்ல. பார்ட் 107-இல் ஆளுக்கோ சொத்துக்கோ அநாவசிய ஆபத்து வராதபடி போட வேண்டும் என்பதே விதி. ஆனால் ட்ரோனில் மீன்பிடிப்பதையே சில மாநிலங்கள் தடுத்திருக்கின்றன, அதைத் தனியாகப் பாருங்கள்.

படி 9: அடுத்தவர் ட்ரோன் உங்கள் வீட்டுக்கு மேலே வந்தால் சுடாதீர்கள்

ட்ரோன் விமானம் என்பதால் அதைச் சுட்டு வீழ்த்துவது விமானத்தைச் சேதப்படுத்தும் மத்தியக் குற்றமாகக் கருதப்படலாம். அதன் உச்சத் தண்டனை இருபது வருடம். 2015-இல் கென்டக்கியில் தன் வீட்டுக்கு மேலே வந்த ட்ரோனைச் சுட்டவர் மேலான வழக்கை உள்ளூர் நீதிபதி தள்ளுபடி செய்ததை இன்றும் பலர் உதாரணம் காட்டுகிறார்கள். அது ஒரு உள்ளூர் நீதிமன்றத்தின் முடிவு, நாட்டின் மற்ற இடங்களைக் கட்டுப்படுத்தாது. ட்ரோனைப் படம் எடுத்துக்கொண்டு, நேரத்தையும் திசையையும் எழுதிவைத்து, போலீசிடம் கொடுங்கள்.

படி 10: ஏற்கெனவே மாட்டியிருந்தால், அல்லது கடிதம் வந்துவிட்டால்

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் கராஜில் ஏதாவது மாட்டிய ட்ரோன் இருந்தால் முதலில் பறக்கவிடுவதை நிறுத்துங்கள். வைத்திருப்பதே குற்றமாக உள்ள மாநிலத்தில் என்ன செய்வது என்று வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள். வெடிமருந்து சம்பந்தப்பட்ட எதையும் நீங்களே பிரிக்க வேண்டாம், காரில் வைத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

போலீஸ் அதிகாரி ட்ரோனோடு உங்களை நிறுத்தினால் பதிவுச் சான்றையும் டிரஸ்ட் சான்றையும், பார்ட் 107 பைலட் என்றால் அந்தச் சான்றிதழையும் காட்ட வேண்டும், அது கடமை. அதற்கு மேல் ஏன் மாட்டினீர்கள், எத்தனை முறை பறக்கவிட்டீர்கள் என்ற கேள்விகளுக்கு, "வழக்கறிஞரோடு பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இந்த உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. பொய் சொல்வது மட்டும் கூடவே கூடாது. மத்திய அதிகாரியிடம் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்வது ஐந்து வருடம் வரை சிறைக்குரிய தனிக் குற்றம்.

எஃப்.ஏ.ஏ.விடமிருந்து விசாரணைக் கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், அன்றிரவே உணர்ச்சியோடு பதிலும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதும் பதில் உங்களுக்கு எதிராகவே சான்றாகலாம், அது மாநில வழக்குக்கும் போய்ச் சேரலாம். வீடியோவை அழிக்கவும் வேண்டாம். விசாரணை என்று தெரிந்தபின் அழிப்பது சான்றை அழித்த குற்றமாகிவிடும். ட்ரோனின் பறத்தல் பதிவுகள் செயலியில் இருக்கும், அவற்றையும் அப்படியே விடுங்கள். கடிதத்தில் பதிலுக்குக் கொடுத்திருக்கும் கெடுவைக் குறித்துக்கொண்டு, விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையும், விசாவில் இருந்தால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரையும் அந்தக் கெடுவுக்குள் பார்த்துவிடுங்கள்.